பெரம்பலூர் பஸ்ஸில் ஒரு சேவல்

கால்நடைத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சியில் நிறையச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மாதிரி எடுப்பது, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவது, கவச உடையை எந்த வரிசையில் கழற்றுவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். அதனால் அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். கால்நடை ஆய்வாளராக அரியலூரிலும் பெரம்பலூரிலும் மாறி மாறி வேலை பார்த்து, இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றவள் நான். பறவைக் காய்ச்சல் என்று யாராவது சொன்னால் மற்றவர்களுக்குப் பயம் வரும். எனக்கு முதலில் சிரிப்புதான் வரும். காரணம் ஒரு சேவல். ஆனால் கதை சேவலில் தொடங்கவில்லை, என் வாயில் தொடங்குகிறது.

அரியலூர் மாவட்டத்தில் ரெட்டிபாளையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். சிமெண்ட் லாரிகள் கிளப்பும் தூசியில் வேப்பமரம், கூரை, கோழி எல்லாமே சாம்பல் நிறத்தில் இருக்கும். அங்கே இரண்டு நாளில் ஏழெட்டு வீட்டுக் கோழிகள் செத்துவிட்டதாகத் தகவல் வந்தது. எங்கள் கால்நடை மருந்தகத்து டாக்டர் போய் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை ஊர்க்காரர்கள் கோழிகளை அடைத்து வைக்க வேண்டும், வெளியூருக்குக் கொண்டுபோகக் கூடாது. இதை ஊரைக் கூட்டிச் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

ரேஷன் கடை வாசலில் மைக் கட்டியிருந்தார்கள். எனக்கு மைக் பிடித்தால் விடுவதற்கு மனசு வராது. அன்றைக்கு நாற்பது நிமிடம் பேசினேன். வைரஸ் என்றேன், வலசைப் பறவை என்றேன், கண்டம் விட்டுக் கண்டம் என்றேன். கூட்டத்தில் ஒருவர் கையைத் தூக்கி, "பறவைக் காய்ச்சல்தான்னு வந்துட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"சுத்துவட்டாரத்துல இருக்கற கோழி அத்தனையும் அழிச்சிருவோம்" என்றேன். அடுத்த தலைப்புக்குப் போய்விட்டேன்.

சொன்னது பொய்யில்லை. ஆனால் அது பாதிதான். பெரும்பாலும் இது வேறு சாதாரண நோயாகத்தான் இருக்கும் என்பதைச் சொல்லவில்லை. அழித்தால் அரசு ஈடு கொடுக்கும் என்பதையும் சொல்லவில்லை. கூட்டம் சட்டென்று அமைதியானது. ஆஹா, எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கைதட்டுவார்களோ என்றுகூட ஒரு நொடி காத்திருந்தேன்.

மறுநாள் காலை பெரம்பலூரில் ஒரு கூட்டம். செயல்முறை விளக்கத்துக்காகக் கையுறை, முகக்கவசம் எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு அரியலூர் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறினேன். நடுவில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் கிளம்பும் நேரத்தில் பெரிய மூங்கில் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு பெண் ஏறினார். கூடையைப் பழைய புடவையால் சுற்றிக் கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார்.

எனக்கும் அடையாளம் தெரிந்தது. அஞ்சலை. லாரி டிரைவர்களுக்கு இட்லிக்கடை போட்டிருப்பவர். முந்தின நாள் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து, நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையாட்டியவர். வேறு இடம் இல்லாததால் எனக்குப் பக்கத்தில்தான் வந்து உட்கார வேண்டியிருந்தது.

"என்ன டாக்டரம்மா, பெரம்பலூரா?" என்றார். நான் டாக்டர் இல்லை என்று முப்பது வருடமாகச் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன்.

"ஆமா அஞ்சலம்மா. கூடையில என்ன?"

"முருங்கக்கீர. மக வூட்டுக்கு."

முருங்கைக்கீரை 'கொக்' என்றது.

அஞ்சலை உடனே இருமினார். கூடை மறுபடியும் 'கொக் கொக்' என்றது. அவர் இன்னும் பலமாக இருமினார். முன் சீட்டில் சின்ன வெங்காய மூட்டையைக் காலுக்கு இடையில் வைத்திருந்த பெரியவர் திரும்பிப் பார்த்து, "கீரைக்கு சளி புடிச்சிருக்கு போலயே" என்றார்.

சிரிப்பு வந்தது. அதற்கடுத்த நொடியே சிரிப்பு நின்றது. நோய் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஊரிலிருந்து கோழிகள் அடுத்த மாவட்டத்துக்குப் போகின்றன. அதுவும் எனக்குப் பக்கத்துச் சீட்டில், டிக்கெட் இல்லாமல். எழுந்து நின்றேன். "பறவை" என்று வாய் திறந்தேன். நல்லவேளை, அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. ஐம்பது பேர் நெருக்கியடிக்கும் பஸ்ஸில் அந்த ஒரு சொல்லை முழுதாகச் சொல்லியிருந்தால், கூடை ஜன்னல் வழியாகச் சோளக்காட்டுக்குள் பறந்திருக்கும். ஆளுக்கொரு பக்கம் ஓடியிருப்பார்கள். பிறகு எந்தக் கோழி எங்கே போனது, யார் தொட்டார்கள் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

உட்கார்ந்து டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், சொல்லவில்லை. எதற்கும் அவசரப்படாத மனிதர். நான் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு கிசுகிசுத்ததை முழுவதும் கேட்டார். மூன்றே கேள்விதான் கேட்டார்.

"கோழி சோர்ந்து கெடக்கா, தெம்பா இருக்கா? யார் யார் தொட்டாங்க? பஸ் இப்ப எங்க வருது?"

சொன்னேன்.

"சரி. ஜீப் எடுத்துட்டு வரேன். பஸ்ஸ ஒரு ஓரமா நிறுத்தச் சொல்லுங்க. நான் வர்ற வரைக்கும் உங்களுக்கு ஒரே வேலதான். அந்தக் கூடை தொறக்கக் கூடாது."

"சரிங்க சார்" என்று நான் சொன்ன அதே நொடியில் கூடை திறந்தது.

கண்டக்டர் டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்தவர், "யக்கா, வழியில வச்சா எப்புடி?" என்று கூடையை இழுத்தார். புடவை முடிச்சு அவர் கையோடு வந்துவிட்டது. உள்ளே ஐந்து பெட்டைகளும் ஒரு சேவலும். பெட்டைகளுக்குக் கால் கட்டியிருந்தது. சேவலுக்கு மட்டும் வலிக்கும் என்று அஞ்சலை கட்டவில்லையாம். அது நேரே கண்டக்டர் தோளில் ஏறியது. அங்கிருந்து வெங்காயப் பெரியவர் தலை. அங்கிருந்து கம்பி. கம்பியில் நின்று பஸ் முழுவதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரே பறப்பாகப் பறந்து டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடியின் மேல் போய் உட்கார்ந்துகொண்டு கூவியது.

"யாரும் தொடாதீங்க!" என்று கத்தினேன்.

எல்லோரும் தொட்டார்கள். ஒருவர் வாலைப் பிடித்தார். ஒரு பெண், மடியிலிருந்த குழந்தையை இறக்கிவிட்டு இறக்கையைப் பிடித்தார். கண்டக்டர் டிக்கெட் புத்தகத்தால் வீசினார். கல்லூரிக்குப் போகும் பெண்கள் மூன்று பேர் சீட்டின் மேல் ஏறி நின்று படம் பிடித்துக்கொண்டே கத்தினார்கள். டிரைவர் மட்டும்தான் அசையவில்லை. கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார். வண்டியை மெதுவாக ஓரங்கட்டினார். கைபிரேக் போட்டார். "புடிச்சு முடிச்சதும் சொல்லுங்க" என்றார்.

பையைத் திறந்து கையுறையை மாட்டினேன். முகக்கவசத்தையும் மாட்டினேன். முன்னால் போய், சேவலை இரண்டு இறக்கையோடு சேர்த்து அமுக்கிப் பிடித்தேன். ஜம்மென்று பிடித்துவிட்டேன்! வெற்றியோடு திரும்பினால், பஸ்ஸில் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. எல்லோரும் என் முகக்கவசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பின் சீட்டிலிருந்து வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் எழுந்தார். "ஏம்மா, அது நோய்க்கோழியா?"

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் இப்படி ஒரு நொடி வரும். "இல்லை" என்று சொன்னால் அப்போதைக்குத் தப்பிக்கலாம்; நாளைக்கு முடிவு வேறாக வந்தால் அந்த ஐம்பது பேரும் நம் துறை சொல்லும் எதையும் ஆயுசுக்கும் நம்பமாட்டார்கள். "ஆமாம்" என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. சேவல் என் கையில் திமிறிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்வோம் என்று முடிவு செய்தேன்.

"தெரியலைங்க" என்றேன். "இந்தக் கோழிங்க வர்ற ஊர்ல நாலு நாளா கொஞ்சம் கோழி செத்திருக்கு. ஏன்னு பாக்க அனுப்பியிருக்கோம், ரிசல்ட் இன்னும் வரல. இந்த ஆறும் தெம்பாத்தான் இருக்கு. தொட்டவங்க சோப்புப் போட்டுக் கை கழுவிடணும். அதுவரைக்கும் யாரும் கண்ணு, மூக்கு, வாயில கை வைக்காதீங்க. அவ்ளோதான்."

கை வைக்காதீர்கள் என்றதும் பஸ்ஸில் இருந்த அத்தனை மூக்கும் ஒரே நேரத்தில் அரிக்கத் தொடங்கியது. வெங்காயப் பெரியவர் தோளில் மூக்கைத் தேய்க்கப் பார்த்தார். கல்லூரிப் பெண்களில் ஒருத்தி, "அய்யோ மேடம், நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்!" என்றாள். ஒருத்தர் சிரித்தார். அது பரவியது.

வெள்ளைச் சட்டைக்காரருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "மொதல்ல அந்தக் கூடையத் தூக்கி வெளிய வீசுங்க!"

அஞ்சலை கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "என்னையும் சேத்து வீசு! வீசுய்யா பாப்பம்!"

நான் சேவலைக் கூடைக்குள் விட்டு, புடவையை இறுக்கிக் கட்டிவிட்டு அவர் முன்னால் குந்தினேன். "ஏன் அஞ்சலம்மா? நேத்து அவ்ளோ தலையாட்டினீங்களே?"

"தலையாட்டாம என்ன பண்றது? நீங்கதான அத்தனையும் அழிச்சிருவோம்னு சொன்னீங்க. வூட்டுக்கு வந்து எனக்கு ஒரு வாய் சோறு எறங்கல. நான் மட்டுமா? பாதி ஊரு அப்புடித்தான் கெடந்துச்சு. இதுங்கள மக வூட்டுல வுட்டுட்டா பொழச்சுக்கும்னு பாத்தேன். அவளுக்கு ஆறாம் மாசம். முட்டையும் ஆவும்."

என் மைக் பேச்சு பஸ் ஏறி வந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

"தப்பு எம்மேலதான்" என்றேன். முந்தின நாள் சொல்லாமல் விட்ட மறுபாதியை அங்கேயே சொன்னேன். பஸ்ஸே கேட்டது. பிறகு, "மக வூட்டுல கோழி இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. பத்து உருப்படி."

மேலே சொல்லத் துடித்த நாக்கைக் கடித்துக்கொண்டேன். அஞ்சலை கூடையைப் பார்த்தார். என் கையுறையைப் பார்த்தார். சின்னக் குரலில், "அப்ப வவுத்துப்புள்ளக்காரிக்கு நானே நோயக் கொண்டுபோயிக் குடுத்திருப்பனே" என்றார். கூடையை மெல்லக் கீழே இறக்கி வைத்தார்.

"டாக்டரம்மா, கை கழுவணும்னீங்களே, எங்க கழுவறது?"

பக்கத்துச் சோளக்காட்டில் ஒரு போர்செட் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குக் குறைவில்லை. சோப்பு? ஐம்பது பேருக்குச் சோப்புக்கு எங்கே போவது? இரண்டாவது வரிசையில் ஒரு மளிகைக் கடைக்காரர், அரியலூரில் சரக்கெடுத்துவிட்டுப் போகிறவர், கூச்சத்தோடு எழுந்தார். "எங்கிட்ட ஒரு பொட்டி சோப்பு இருக்குங்க" என்றார். பஸ்ஸில் எழுந்த கூச்சல் இருக்கிறதே, தேர்தலில் ஜெயித்தவருக்குக்கூட அப்படி எழும்பியிருக்காது.

தொட்டவர் தொடாதவர் எல்லோரும் இறங்கி வாய்க்காலோரம் வரிசையாக நின்றார்கள். இருபது எண்ணும்வரை தேய்க்க வேண்டும் என்றேன். எல்லோரும் ஏழிலேயே கையைத் தண்ணீரில் விட்டார்கள். அதுவரைக்கும் முறைத்துக்கொண்டிருந்த கண்டக்டர் முன்னால் வந்தார். "மேடம், நீங்க தள்ளுங்க. ஏய், எல்லாரும் கேளு! ஒரு விசிலு அடிச்சா தேய்க்கணும். ரெண்டு விசிலு அடிக்கிற வரைக்கும் தண்ணியில கை வைக்கக் கூடாது!"

ஒரு விசில். ஐம்பது பேர் தேய்த்தார்கள். நுரை பறந்தது. "வெரலு இடுக்கு, வெரலு இடுக்கு!" என்று அஞ்சலை வரிசையில் நடந்துகொண்டே கத்தினார். "பெருசு, நகத்தப் பாரு!" வெங்காயப் பெரியவர், "எங்கண்ணாலத்துக்கே நான் இப்புடித் தேய்ச்சதில்ல" என்றார். ரெண்டு விசில். எல்லோரும் ஓவென்று கத்திக்கொண்டு கழுவினார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை சோப்பு வாங்கிக்கொண்டு போனார். சாலையில் போன சிமெண்ட் லாரி ஒன்று வேகத்தைக் குறைத்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "என்னங்க விசேஷம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். என்னவென்று சொல்வது?

ஜீப் வந்தபோது டாக்டர் கண்டது, நுரைக் கைகளோடு சிரித்துக்கொண்டு நின்ற ஒரு பஸ் கூட்டத்தை. நேரே வேலையில் இறங்கினார். கோழியைத் தொட்டவர்களின் பெயரும் போன் நம்பரும் எழுதிக்கொண்டார். அஞ்சலையையும் கூடையையும் அரியலூர் வரை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டது யார் என்று கேட்டு, அவர் கொழுந்தன் பெயரையும் சேர்த்தார். சேவல் நடந்த இடம், எஞ்சின் மூடியில் அது வைத்துவிட்டுப் போன அடையாளம் எல்லாவற்றிலும் மருந்து அடித்துத் துடைத்தோம். ஈரம் காய்ந்ததும் கண்டக்டர் ரெண்டு விசில் அடித்தார். பஸ் கிளம்பியது. ஜன்னலெல்லாம் கைகள். அத்தனை சுத்தமான டாட்டாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கோழிகள் வந்த வழியே அஞ்சலை வீட்டுக்கே திரும்பின. பெரம்பலூர் கூட்டத்தை விட்டுவிட்டு நானும் ஜீப்பில் போகும்போது, முந்தின நாள் கூட்டத்தைப் பற்றி டாக்டரிடம் முழுதாகச் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

"நாப்பது நிமிஷம் நீங்க பேசினீங்க. சரி. அவங்க எத்தன நிமிஷம் பேசினாங்க?" என்றார். அதோடு சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆய்வு முடிவு வந்தது. பறவைக் காய்ச்சல் இல்லை. தடுப்பூசி போட்டிருந்தால் தடுத்திருக்கக்கூடிய கோழிக்கழிச்சல். பஸ்ஸில் நம்பர் கொடுத்த ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்து சொன்னேன். வெங்காயப் பெரியவருக்கு என்ன சந்தோஷம்! "சேவல் சௌக்கியமா?" என்று கேட்டார்.

அடுத்த கூட்டத்துக்கு மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அஞ்சலையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவர் எழுந்து சேவல் பஸ் ஏறிய கதையைச் சொன்னார். என்னை மாதிரி கையை ஆட்டி, "கண்டம் விட்டுக் கண்டம்" என்று பேசியும் காட்டினார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், காது சிவக்கச் சிவக்க. சிரித்து ஓய்ந்ததும் அவர்களாகவே பேச ஆரம்பித்தார்கள். அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. எந்த வீட்டில் கோழியை அடுப்படியில் அடைக்கிறார்கள், யார் ஏரித் தண்ணீரில் வாத்தோடு சேர்த்துக் கோழியையும் விடுகிறார்கள், செத்த கோழியை ஓடையில் எறிவது யார், எறியாமல் குழம்பு வைப்பது யார். நான் நாற்பது நிமிடம் பேசியும் வெளியே வராதது எல்லாம் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது.

"காக்கா குருவி வந்து நம்ம கோழி தீனியத்தான் திங்குது. எப்புடித் தடுக்கறது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கூண்டுக்குள்ளாற வச்சு வலையப் போடு. வலை இல்லன்னா பழைய கொசுவலை" என்றாள் இன்னொருத்தி.

"செத்தத எங்க பொதைக்கறது?"

"ஆழமாக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் பொத. இந்த ஊர்ல சுண்ணாம்புக்கா பஞ்சம்?" என்றார் அஞ்சலை.

சந்தையில் வாங்கிய கோழியை ரெண்டு மூணு வாரம் தனியாக அடைத்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதோடு விட வேண்டும் என்பதை மட்டும் நான் சொன்னேன். என் பங்கு அவ்வளவுதான்.

ஏரிக்கு வெளிநாட்டுப் பறவைகள் வரும் பருவம் வந்தது. ஒரு காலை, ஆபீஸில் டீயைக் கையில் வாங்கியிருக்கிறேன், போன் அடித்தது.

"டாக்டரம்மா, அஞ்சல பேசறேன். ரெண்டு பெட்ட செத்துக் கெடக்கு. நான் கையில தொடல. மத்தத அடைச்சுட்டேன். பக்கத்து வூட்டுக்காரிங்களயும் அடைக்கச் சொல்லிட்டேன். வாசல்ல கயிறு கட்டிட்டேன், ஒருத்தரும் உள்ள வரல. நீங்க வாங்க."

டீயை மேசையில் வைத்தேன். இல்லை, வைத்ததாக நினைத்தேன். பாதி என் புடவையில் கொட்டியது. "ரெண்டு கோழி செத்துப்போச்சாம்!" என்று கத்தினேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆபீஸில் இருந்தவர்கள் எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நாற்காலியை விட்டு எழுந்தார்கள். டாக்டர் மட்டும் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு, அஞ்சலையா?" என்றார். அவருக்கும் சிரிப்பு வந்தது.

மறைக்காமல் அவர்களாகவே கூப்பிட்டுச் சொல்கிறார்கள். உங்கள் பணிக்காலத்தில் இதைவிடப் பெரிய பரிசு ஒன்றும் கிடைக்காது. நான் சத்தியம் செய்து சொல்வேன்.

ஜீப் போய் நின்றது. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினேன். அஞ்சலை வீட்டு வேலிப் படலில் குறுக்கே தேங்காய்நார்க் கயிறு. அதற்கு முன்னால் பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளி. பக்கத்தில் இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு. அஞ்சலை கயிற்றுக்கு அந்தப் பக்கம் இடுப்பில் கை வைத்து நின்றார். நான் கயிற்றைத் தூக்கிக் குனிந்தேன்.

"நில்லுங்க!" என்றார்.

நின்றேன்.

"உங்க செருப்ப அங்கியே கழட்டுங்க. கால வாளியில முக்கிட்டு இதப் போட்டுக்கிட்டு வாங்க. நேத்து எந்தூருக் கோழிய மிதிச்சுட்டு வந்தீங்களோ, யாரு கண்டா?"

எனக்குப் பின்னால் டாக்டர் ஏற்கெனவே குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.